காலேஜைப் பார்த்துக்க நீ வரலாமா

தம்பி,

ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டதுக்கு "ம்"னு மட்டும் சொல்லிட்டு அப்பாகிட்ட போனைக் கொடுத்துட்டேன். நீ கோவிச்சுக்கிட்டியோ என்னவோ. பெங்களூர் வேலையை விட்டுட்டு ஊரோட வந்து காலேஜைப் பார்த்துக்கறேன், நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வாரமே ராஜினாமா பேப்பர் போட்டுடறேன்னு நீ சொன்னப்ப, எந்த அம்மாவா இருந்தாலும் சந்தோஷத்துல ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பா. எனக்கு ஒரு சொட்டும் வரலை. அப்பாவைப் பத்திக் கேட்காதே. போனை வச்ச கையோட சலூன்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி முடி வெட்டி, ஷேவிங் பண்ணி, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா வெள்ளை வேட்டி எடுக்கச் சொன்னாரு. "எங்க போறீங்க"ன்னேன். "எங்கேயும் இல்ல, சும்மாதான்"னாரு. அவருக்கு எல்லாம் முடிவாயிடுச்சு. உன் பொண்டாட்டிகிட்ட தனியாப் பேசினேன். "நீங்க என்ன சொல்றீங்களோ அதாங்க அத்தை"ன்னா. அந்தப் பொண்ணு இத்தனை வருஷத்துல அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை, அதுலயே எனக்குப் பாதி பயம் வந்துடுச்சு. ஆக பதில் சொல்ல வேண்டியவ நான் ஒருத்திதான். போன்ல பேசினா நீ குறுக்கே பேசுவே, நான் தொலைஞ்சு போயிடுவேன். அதான் எழுதறேன். எழுதினா தெளிவு வரும்னு ஒரு நம்பிக்கை, பார்ப்போம்.

இந்தக் காலேஜ் எப்படிப் பொழைச்சுதுன்னு உனக்குத் தெரியும்னு நீ நினைக்கிறே. எனக்கே தெரியலை, உனக்கு எப்படித் தெரியும். நீ ஆறாவது படிச்சப்ப ஆரம்பிச்சது. திருக்காட்டுப்பள்ளிக்கும் பூதலூருக்கும் நடுவுல பொம்பளைப் பிள்ளைங்க பிளஸ் டூவுக்கு மேல படிக்கணும்னா தஞ்சாவூருக்குப் போகணும், இல்லைன்னா திருச்சிக்கு. நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி எடுத்துக்கிட்டிருந்தேன். நல்ல மார்க் வாங்கின பிள்ளைங்க அடுத்த ஆவணியில தாலியோட வந்து "டீச்சர், கும்பிடறேன்"னு நிக்கும். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட புலம்புவேன். உரக்கடை வச்சிருந்த மனுஷன் ஒரு நாள் கல்லாவை மூடிட்டு, "புலம்பாதே, நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்"னாரு. ஏதோ இட்லிக்கடை ஆரம்பிக்கற மாதிரி சொன்னாரு. அரிசி மில்லு மாமாவும் அவரும் சேர்ந்து டிரஸ்ட் ஒண்ணு போட்டாங்க, மாமாவோட பழைய குடோன்லதான் முதல் வகுப்பு. பக்கத்துலயே நெல்லு அவிப்பாங்க, அந்த ஆவி வாடையிலதான் பிள்ளைங்க வரலாறு படிச்சாங்க. யுனிவர்சிட்டியில இருந்து கமிட்டி வருதுன்னதும் லைப்ரரியில புத்தகம் பத்தலைன்னு உன் விஞ்ஞானப் புத்தகம், குவிஸ் புத்தகம் எல்லாத்தையும் அப்பா அள்ளிக்கிட்டுப் போய் சீல் குத்தி அலமாரியில வச்சுட்டாரு. நீ ஸ்கூல் விட்டு வந்து அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு. அந்தப் புத்தகமெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கு தம்பி, ஒண்ணு ரெண்டுல உன் பேரு கிறுக்கினது கூட இருக்கு.

முதல்ல வரலாறும் தமிழும் வச்சோம், ஆள் வரலை. பி.காம் வச்சோம், வகுப்பு நிறைஞ்சுது. அப்புறம் கணக்கு, கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர். நடுவுல இன்ஜினியரிங் மோகம் வந்துச்சு பாரு, பக்கத்துல வயல் வித்தவன் எல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் கட்டினான். நம்ம கணக்கு வகுப்புல ஒரு பெஞ்சுக்குக் கூட ஆள் இல்லை. அப்பா துடிச்சாரு. நாமளும் மாறிடுவோம், பேங்க்ல கடன் வாங்குவோம்னாரு. பேங்க்காரங்க முடியாதுன்னுட்டாங்க. அரிசி மில்லு மாமா மில்லை அடமானம் வைக்க மாட்டேன்னுட்டாரு. ரெண்டு பேரும் வருஷக்கணக்குல பேசாம இருந்தாங்க. இன்னிக்கு அந்த இன்ஜினியரிங் காலேஜுல ஒண்ணு பூட்டிக் கிடக்கு, அதோட பார்க்கிங்ல ஊர்க்காரங்க நெல்லு காய வைக்கிறாங்க. நாம ஓடிக்கிட்டிருக்கோம். ஊர்ல எல்லாரும் அப்பாவைப் பார்த்து "தீர்க்கதரிசி சார் நீங்க"ன்னு சொல்றாங்க, அவரும் தலையை ஆட்டிக்கிறாரு. கடன் கிடைச்சிருந்தா நாமளும் பூட்டியிருப்போம். நாம பொழைச்சது புத்தியாலயா, கடன் கிடைக்காததாலயான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

அடுத்து, பக்கத்துலயே அரசுக் கல்லூரி வந்துச்சு. ஃபீஸ்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கிடையாது. சரி, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நல்ல விஷயம்தானே, நாம எதுக்காக ஆரம்பிச்சோமோ அதை அரசாங்கம் செய்யுது, கௌரவமா மூடிடலாம்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் ரெண்டு நாள் சாப்பிடலை. ஆனா அந்த வருஷம் நமக்கு ஆள் குறையலை. ஏன்னு விசாரிச்சா, நம்ம பஸ்ஸு. பொண்ணை வாசல்ல ஏத்தி வாசல்ல இறக்கிவிடறோம், மூணு மணிக்குள்ள வீட்டுல இருப்பா, அதுக்கு மேல தையல் கத்துக்கலாம், கடைக்கு வேலைக்குப் போகலாம். ஆஹா, படிப்பை விட பஸ்ஸுதான் நம்ம பலம்னு தெரிஞ்சதும் அப்பா இன்னும் ரெண்டு பஸ் வாங்கினாரு. ஒரே ஒரு பொண்ணு இருக்கற ஊருக்குக் கூட வாய்க்கா கரையோட பஸ் போகும். அந்த ஒரு பொண்ணு கட்டற காசு டீசலுக்கே காணாது. நிறுத்தலாம்னா, அந்த ஊர்ல அடுத்த வருஷம் மூணு பேர் பிளஸ் டூ முடிக்கிறாங்கன்னு வசந்தி மேடம் சொல்லுவாங்க. நம்ம கணக்கு டிபார்ட்மெண்ட் வசந்தி மேடம்தான், உனக்குத் தெரியுமே. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பஸ்ஸால வர்றாங்க, வர்றதை பஸ்ஸே தின்னுடுது. இதுக்கு என்ன பதில்னு நீ எம்.பி.ஏ. படிச்சவன், நீதான் சொல்லணும்.

நீ சொல்லவும் சொன்னே. அதுதான் எனக்குக் குழப்பம். போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்ப ஆபீஸ் ரூம்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டே. "ஏம்மா, நாம எதுக்கு ஃபீஸைத் தைக்கு அப்புறம் வாங்கறோம்"னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. டெல்டாவுல பொறந்துட்டுக் கேக்கற கேள்வியா இது. ஜூன்ல ஆத்துல தண்ணி வர்றப்ப வீட்டுல இருக்கற காசெல்லாம் விதைநெல்லு, உரம், நடவு ஆள்னு வயலுக்குள்ள போயிடும், சம்பா அறுத்துக் கொள்முதலுக்குப் போட்டாத்தான் கையில காசு. அதனால அட்மிஷனுக்குக் கொஞ்சம் கட்டினாப் போதும், மிச்சம் அறுப்பு முடிஞ்சு கட்டுங்கன்னு அப்பா முதல் வருஷமே சொல்லிட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் குடோன் காலேஜை நம்பிப் பிள்ளைங்களை அனுப்பினாங்க. நாம மட்டும் மாசாமாசம் சம்பளம் கொடுப்போம், போகத்துக்குப் போகம் வசூல் பண்ணுவோம். ஐப்பசி கார்த்திகையில மழையும் பெய்யும், சம்பளத்துக்கு அப்பா அலைஞ்சுக்கிட்டும் இருப்பாரு. அது நம்ம வீட்டு வழக்கமாவே ஆயிடுச்சு. என் வளையல் அந்த மாசங்கள்ல வீட்டுல இருந்ததே இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் நீ அமைதியா, "சரிம்மா, இப்ப படிக்கிற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் வீட்டுல வயல் இருக்கு"ன்னே. அதை யாருமே கேட்டதில்லை தம்பி. நெல்லுக்கு நடுவுல உக்காந்திருக்கோம், வர்றவங்க எல்லாம் நெல்லு விதைக்கிறவங்கதான்னு நினைச்சுட்டோம். விசாரிச்சுப் பார்த்தா முக்கால்வாசிப் பேருக்கு வயலே இல்லை. அப்பன் திருப்பூர்ல இருக்கான், அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான், அம்மா நூறு நாள் வேலைக்குப் போறா. அவங்களுக்கு மாசாமாசம் கொஞ்சம்னா கட்டிடுவாங்க. தை மாசம் மொத்தமாக் கேட்டா வட்டிக்குத்தான் போகணும். உதவி பண்றோம்னு நினைச்சு நாமளே அவங்களை வட்டிக்கடைக்கு அனுப்பியிருக்கோம். அப்பா உன்கூட ரெண்டு நாள் பேசலை, நீ ஊருக்குக் கிளம்பறப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, "மாசாமாசம் வச்சுக்கலாம்"னு முகத்தைப் பார்க்காம சொன்னாரு.

அதுக்கு அப்புறம் நடந்ததை உன்கிட்ட முழுசா சொல்லலை. வசூல் நல்லா வந்துச்சு, சம்பளம் தேதி தப்பாம போட்டோம். என் வளையல் கையில இருக்கு, ஆடினா சத்தம் கேக்குது. ஆனா குத்தகை நிலம் வச்சிருக்கற வீட்டுப் பிள்ளைங்க சில பேர் நின்னுட்டாங்க. "பழைய சார் இருந்திருந்தா இப்படி நடக்குமா"ன்னு ஒரு அப்பா ஆபீஸ் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பழைய சார் முட்டி ஆபரேஷன் ஆகி வீட்டுல டிவி பார்த்துக்கிட்டிருக்காருன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அப்ப உன் யோசனை சரியா தப்பா. சரிதான். ஆனா தப்பும்தான். நீ நர்சிங் ஆரம்பிக்கணும்ங்கறே, லேப் டெக்னீஷியன் கோர்ஸ் ஆரம்பிக்கணும்ங்கறே, ஞாயித்துக்கிழமை போட்டித் தேர்வுக்கு ஹாலை வாடகைக்கு விடணும்ங்கறே. நல்ல வருஷம் வந்தப்ப அப்பா எழுப்ப ஆரம்பிச்ச மாடி கம்பி நீட்டிக்கிட்டு அப்படியே நிக்குது, அதை முடிச்சு ஹாஸ்டல் ஆக்கணும்ங்கறே. எல்லாமே நடக்கும்னு தோணுது. நீ கெட்டிக்காரன், இதை முகத்துக்கு நேரா சொன்னதில்லை, இப்ப சொல்லிடறேன். ஆனா கெட்டிக்காரன்ங்கறதுக்காகவே உன்னை இதுல இழுத்துவிடணுமான்னு மனசு அடிச்சுக்குது. நாங்க இதுல விழுந்து எழுந்ததுல நீ எப்ப வளர்ந்தேன்னே எனக்குத் தெரியலை.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ போன் பண்ணின மறுநாள், திங்கக்கிழமை, நான் வசந்தி மேடம்கூட கேன்வாஸ் போனேன். மே மாசம் ஆனா நம்ம டீச்சருங்க எல்லாம் வீடு வீடா அலையறாங்க, பிள்ளை பிடிக்கிற வேலைன்னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க. பி.எச்.டி. முடிச்ச பொண்ணு வெயில்ல நோட்டீஸ் தூக்கிக்கிட்டு நிக்கறதைப் பார்த்தா எனக்குச் சகிக்காது. அதனால நான் வீட்டுல உக்காந்திருக்க மாட்டேன், கூடவே போயிடுவேன். பூதலூருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு. ராணின்னு பேரு, வீட்டுக்காரர் திருப்பூர்ல. மூத்த பொண்ணு நம்மகிட்ட பி.காம் முடிச்சு தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பில்லிங் பார்க்குது. சின்னது இப்ப பிளஸ் டூ முடிச்சிருக்கு, கெமிஸ்ட்ரியில நல்ல மார்க். எங்களைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை உள்ளே ஓடிப்போய் ஃபேனை எங்க பக்கம் திருப்பி வச்சுது. ராணி மோர் கொடுத்துட்டு உக்காந்தா.

"திருச்சி பக்கத்துல இருந்து ஒரு காலேஜுல வந்தாங்க டீச்சர். பேக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க, சேர்ந்தா டேப் கொடுப்பாங்களாம்"னா. மூலையில அந்தப் பை இருந்துச்சு, பிளாஸ்டிக் கவரைக் கூடப் பிரிக்கலை. நான் நம்ம பஸ்ஸைச் சொன்னேன், மாசாமாசம் கட்டலாம்னு சொன்னேன், மூத்தவளுக்கு வேலை கிடைச்சதைச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினா. அப்புறம் மெதுவா, "தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க வீட்டுல யாரு நம்ம காலேஜுல படிச்சாங்க"ன்னா.

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. பதில் கையோட வச்சிருப்பேன். "எனக்கு ஒரே பையன்தாங்க. இது பொம்பளைப் பிள்ளைங்க காலேஜாச்சே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன், அவங்களும் சிரிப்பாங்க, பேச்சு அடுத்ததுக்குப் போயிடும். அன்னிக்கும் அதையே சொன்னேன். ராணியும் சிரிச்சா. ஆனா விடலை. "பேரப் பிள்ளைங்க"ன்னா. "ஒரு பேத்தி"ன்னேன். "என்ன படிக்குது"ன்னா. "இந்த ஜூன்ல பிளஸ் டூ போறா, பெங்களூர்ல"ன்னேன். "அப்ப அடுத்த வருஷம் நம்ம காலேஜுலதானே சேர்ப்பீங்க"ன்னா. கிண்டல் கிடையாது தம்பி. வெள்ளை மனசு. அந்தப் பிள்ளையும் கதவுகிட்ட நின்னு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

நான் "பார்ப்போம்"னேன்.

"நாங்களும் பார்த்துட்டுச் சொல்றோங்க டீச்சர்"னா.

வெளியில வந்ததும் வசந்தி மேடம் குடையை விரிச்சாங்க. மோர் குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்காம வந்துட்டேனேன்னு என்னவோ அதை நினைச்சுக்கிட்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். "சேர்ப்போம்னு சொல்ல வேண்டியதுதானே, அவ என்ன வந்து பார்க்கப் போறாளா"ன்னாரு. அந்த மனுஷன் ஒரு பொய்யும் சொல்லாம கடை நடத்தினவரு, அவரே அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் பயமாயிடுச்சு. அன்னையில இருந்து எனக்கு எந்த வேலையும் ஓடலை.

உன் பொண்ணு இனியாவை நம்ம காலேஜுல சேர்ப்போம்னு சொல்ல எனக்கு ஏன் வாய் வரலை. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். கெமிஸ்ட்ரி லேப்ல தராசு சரியில்லை, எனக்கே தெரியும். நல்லா எடுக்கற டீச்சர் ரெண்டு வருஷத்துல அதிக சம்பளத்துக்குப் போயிடறாங்க. இங்கிலீஷ் சுமார்தான். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானே ராணி வீட்டுல உக்காந்து மோர் குடிச்சேன். அவ பொண்ணுக்குப் போதும்னு எனக்குத் தோணினது நம்ம பொண்ணுக்கு ஏன் போதலை. இந்தக் காலேஜ் இல்லைன்னா ராணியோட மூத்தவ இந்நேரம் எங்க இருந்திருப்பாளோ, அதனால அது நல்ல காலேஜுதான்னு ஒரு மனசு சொல்லுது. அப்படின்னா பேத்தியைச் சேருன்னு இன்னொரு மனசு சொல்லுது. அவ பெங்களூர்ல என்னென்னவோ கனவு வச்சிருக்கா, நம்ம வீம்புக்கு அவளைப் பலி கொடுக்கறதான்னு திரும்பவும் முதல் மனசே கேக்குது. இப்படியே ராட்டினம் சுத்திக்கிட்டிருக்கேன். வெக்கமா இருக்கு தம்பி. இதை எழுதறப்ப கூட வெக்கமா இருக்கு.

நீ வந்தா தாளாளர் நாற்காலியில உக்காருவே. நான் பையன் இருக்கான்னு சொல்லித் தப்பிச்சேன். உனக்கு அந்த வசதி கிடையாது, நீ பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவன். அடுத்த வருஷம் மே மாசம் நீ எந்த வீட்டு வாசல்ல போய் நின்னாலும் முதல் கேள்வி அதுதான். நர்சிங் கோர்ஸ், ஹாஸ்டல், மாசத் தவணை எல்லாத்தையும் பத்தி நீ மணிக்கணக்குல பேசுவே. அந்தக் கேள்வியைக் கேட்டதும் நீ என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியணும். சேர்க்கலைன்னா வராதேன்னு நான் சொல்லலை. சேர்த்தாத்தான் வரணும்னும் சொல்லலை. குழந்தையோட படிப்பை வச்சு நான் பந்தயம் கட்டுவேனா. ஒருவேளை, உன் பொண்ணைத் தைரியமா அனுப்பற மாதிரி ஒரு காலேஜா இதை ஆக்க எத்தனை வருஷம் ஆகும்னு நீ பார்க்கணுமோ என்னவோ. அதுக்குள்ள ராணி பொண்ணுக்கு வயசு போயிடுமே, அவளுக்கு என்ன சொல்றது.

தெளிவு வரும்னு நினைச்சு எழுதினேன், வரலை. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். பேப்பர் போடறதுக்கு முன்னாடி இனியாவைப் பக்கத்துல உக்கார வச்சு இந்த லெட்டரை அவகிட்ட படிச்சுக் காட்டு. என்னையும் அப்பாவையும் விடு, அவ அம்மாவும் கூட இருக்கட்டும். அவ என்ன சொல்றாளோ, நீ அதுக்கு என்ன சொல்றியோ, ஒளிக்காம எழுது.

ராணி வீட்டுல இருந்து இன்னும் போன் வரலை. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகணும்னு வசந்தி மேடம் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை நான் தனியாப் போறேன்னு சொல்லிட்டேன். பார்ப்போம்னு ரெண்டாவது தடவை அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால ஆகாது. நான் என்ன சொல்லட்டும், தம்பி?

உன் அம்மா